ஆப்பிரிக்க வரலாறு 1884இல் தொடங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆப்பிரிக்க வரலாற்றுச் சுருக்கத்தைப் படித்தேன். 1884இல் ஐரோப்பியர் பெர்லினில் கூடிக் கண்டத்தைப் பங்கு போட்டதில் ஆரம்பித்து, 1960இல் 17 நாடுகள் விடுதலை பெற்றதோடு முடித்துவிட்டார்கள். சரி, அதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லையா? மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த மனித எலும்புகளுக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள். இன்றைய எத்தியோப்பியாவில் சொந்தமாக நாணயம் அடித்த அக்சும் அரசு, தென் ஆப்பிரிக்கப் பகுதியில் சாந்தே இல்லாமல் கல்லடுக்கி எழுப்பிய 'மாபெரும் சிம்பாப்வே' என்ற பழைய நகரின் மதில்கள், 1324இல் மெக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்த மாலி மன்னர் மான்சா மூசா, இவை எல்லாமே பெர்லினுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. பங்கு போட்ட பிறகும் ஆப்பிரிக்கர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1896இல் அத்வாவில் எத்தியோப்பியர் இத்தாலியப் படையை முறியடித்தது கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் துணைப்பாட வகுப்பு எடுப்பவன். நம் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு உயர்நிலை மாணவர்களைக் கூட்டிப்போனபோது, இந்தோனேசியாவின் பிலித்துங் தீவருகே மூழ்கிய 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சீனக் கிண்ணங்களைக் கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்தக் கப்பல் பலகைகளில் ஆப்பிரிக்க மரம் இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டதைச் சொன்னதும், அப்புறம் பேருந்து ஏறும்வரை கேள்விகளை நிறுத்தவில்லை. அதே மாணவர் பக்கத்தில் ஆப்பிரிக்க வரலாற்றை நான்கைந்து வாரத் தொடராக, காலனி ஆட்சிக்கு முந்தைய காலத்துக்குப் பாதி இடமாவது ஒதுக்கி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் கில்வா போன்ற பழைய துறைமுகங்களைக் காட்டும் இந்தியப் பெருங்கடல் வரைபடத்தோடு வெளியிடலாமே.