முதல் படமும் தண்ணி லாரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். படம் பண்ணத் துடிக்கும் தம்பிகள் கடைக்கு வந்ததும் கேமரா வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். கதை எங்கே நடக்குது என்றால், "ஏற்காடுண்ணா, ராத்திரி, மழை" என்கிறார்கள். மழைக்குத் தண்ணி லாரி, ராத்திரிக்கு ஜெனரேட்டர், ரெண்டும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறணும். பாதிக் காசு அங்கேயே காலி! செவ்வாய்ப்பேட்டையில் மாமாவுக்கு மண்டி இருந்தால் கதையை அங்கே நகர்த்துங்களேன். கடை லீவு நாளில், கூரை ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக மூட்டைகள் மேல் இறங்கும் வெளிச்சத்துக்கு வாடகை கிடையாது. மிச்சமாகும் காசை மைக்கில் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள். வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஊர் இது. ஏற்காடு ரோட்டில் இப்போது அதன் நுழைவு வளைவுதான் நிற்கிறது, செல்ஃபிக்கு. சிறு படங்களுக்கான அரசு மானியமோ படம் முடிந்த பிறகுதான். தொடங்குகிறவனுக்குப் பூங்கா, பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களில் படப்பிடிப்புக் கட்டணத்தையாவது மாவட்ட நிர்வாகம் குறைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வீடியோகிராபர்,
அம்மாப்பேட்டை, சேலம்.