அம்மாவுக்கு வந்தது வெறும் வாய்வு அல்ல

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அம்மாவையும் நெஞ்சுவலி என்று தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை என்றதும், "வெறும் வாய்வு, மனசைப் போட்டு அலட்டிக்கொள்கிறார்" என்று சொந்தக்காரர்கள் பேசினார்களாமே. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. அம்மா அதை நம்பிவிடக் கூடாது.

டாக்டர் சீட்டில் எழுதியிருக்கும் 'டாகோட்சுபோ' உண்மையான இதய நோய். ஹிரோஷிமா டாக்டர்கள் 1990-இல் வைத்த பெயர். ஜப்பானியர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானைக்குத்தான் அந்தப் பெயர். அதற்குக் கழுத்து குறுகல், அடி உருண்டை. தாங்க முடியாத அதிர்ச்சியில் அட்ரினலின் மாதிரியான ஹார்மோன்கள் ஒரேயடியாகச் சுரக்கும்போது, இடது கீழறையின் நுனி சுருங்க முடியாமல் உப்பிவிடுகிறது. மேல்பகுதி மட்டும் வேகமாகச் சுருங்குகிறது. படத்தில் பார்த்தால் அசல் அந்தப் பானையேதான். வலி, ஈசிஜி எல்லாம் மாரடைப்பு மாதிரியே இருக்கும். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். ஜப்பானின் நீகாட்டாவில் 2004-இல் நிலநடுக்கம் வந்தபோது, அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகளுக்கு இந்த நோயோடு வந்தவர்கள் திடீரென்று கூடினார்கள். வீடு குலுங்கியதில் நெஞ்சும் நின்றுபோகப் பார்த்திருக்கிறது, பாவம்.

இதையெல்லாம் படிக்கும்போது கோப்பெருந்தேவி நினைவு வந்தது. பாண்டியன் உயிர்விட்டதும் "கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்" என்று நடுங்கி அவன் காலடியில் விழுகிறாளே, அவள்தான். அவளுக்கு வந்தது என்ன என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் துக்கம் ஆளைக் கொல்லும் என்பதை இளங்கோவடிகள் காலத்திலேயே ஜனங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கற்பு என்று கொண்டாடியதோடு நிறுத்திக்கொண்டோம், பரீட்சையில் அப்படியே எழுதி மார்க்கும் வாங்கினோம். இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அம்மாவுக்குப் பாராட்டு எதற்கு? மாத்திரையும் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும்.

நல்ல சேதி என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்குத் திரும்பவும் வரலாம், அதனால் சொன்ன தேதியில் எக்கோ எடுத்துவிடு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தினமும் துடைத்து அலமாரியில் வைக்கிறார் என்றாயே, துடைக்கட்டும். எடுத்து ஒளித்து வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னால் கேட்காதே.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்படியே உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அம்மாவோடு இருக்கிறேன். ராத்திரித் துணைக்கு நான் படுத்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் தூங்கு. எக்கோ ரிசல்ட் வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
வசந்தா