கோர்ஸ், இன்டர்ன்ஷிப்: சட்டம் படிக்கும் மகளுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். இதைப் பத்திரமாக வைத்துக்கொள். விண்ணப்பம் போடும்போது ஒரு தடவை எடுத்துப் படி.

நீ மாணவியாக இருக்கும்போது செய்யும் கோர்ஸோ இன்டர்ன்ஷிப்போ உன் சேம்பரிங்கில், அதாவது வக்கீலாவதற்கு முன் செய்யும் கட்டாயப் பயிற்சியில், ஒரு நாளைக்கூடக் கழிக்காது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி சேம்பரிங் 9 மாதம். படிப்புத் தகுதி கைக்கு வந்த பிறகுதான் அது தொடங்கும். அப்போது உனக்கு மாஸ்டராக, அதாவது பயிற்சி தரும் வக்கீலாக, இருப்பவர் குறைந்தது 7 ஆண்டு தொழில் செய்தவராக இருக்க வேண்டும். "எங்கள் சான்றிதழ் இருந்தால் சேம்பரிங் சுலபம்" என்று எவராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கம் போகாதே. பணம் வாங்கிக்கொண்டு "இன்டர்ன்ஷிப் உறுதி" என்கிறவர்களும் அதே வகைதான். வேலை கற்றுக்கொள்ளப் போகிற பிள்ளை இடத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது.

அப்படியானால் இதெல்லாம் எதற்கு? படிப்பை முடிப்பதற்குள் ஒரே ஒரு வழக்கு ஃபைலையாவது முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நீ தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், அதற்குத்தான். அதற்கு உதவுகிற கோர்ஸ் நல்ல கோர்ஸ். உதவாதது எவ்வளவு பெரிய பெயரில் இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

கோர்ஸில் சேரும் முன் மூன்று விஷயம் விசாரி. நடத்துபவர் இன்றைக்கும் அந்தத் துறையில் வேலை பார்க்கிறாரா? நீ எழுதிக் கொடுப்பதை யாராவது திருத்தித் திரும்பத் தருவார்களா? கற்றதை அடுத்த இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்த உனக்கு இடம் இருக்கிறதா? பதிவு செய்த வீடியோவைப் பார்த்துவிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டினால் சான்றிதழ் வரும் கோர்ஸில் இரண்டாவது கேள்வியே அடிபட்டுப் போகும். அதில் தெரிந்துகொள்ள விஷயம் இருக்கலாம், ஆனால் கைப்பழக்கம் வராது. ஒப்பந்தம் எழுதக் கற்றுத்தரும் கோர்ஸ் என்றால், நீ எழுதிய பிரிவுகள் சிவப்பு மையோடு திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அது வெறும் சொற்பொழிவு.

உன் பட்டியலில் இருக்கும் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) அகாடமியின் டிஎல்-101 கோர்ஸ் இலவசம், அறிவுசார் சொத்துரிமைக்கு நல்ல அடிப்படை. வணிகச் சின்னம், காப்புரிமை பார்க்கும் ஆபீஸுக்குப் போவதாக இருந்தால் அதற்கு முந்தைய மாதம் செய். போகவில்லையென்றால் தள்ளி வை. கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தகராறைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்புப் பயிற்சி நல்லதுதான், கோலாலம்பூரில் ஆசிய அனைத்துலக நடுவர் மையமே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தையும் சிவில் நடைமுறையையும் முடிக்காமல் அதில் உட்கார்ந்தால் பாதி புரியாது, கட்டணமும் வீண். இளம் வழக்கறிஞரான பிறகு அதற்குப் போ, முழுப் பலன் கிடைக்கும். மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றம்) போட்டிக்கு இடம் கிடைத்தால் மட்டும் யோசிக்காமல் சேர். எழுத்து வாதம் தயாரித்து, நீதிபதி குறுக்கே கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்வதற்கு ஈடான கோர்ஸ் கிடையாது.

இனி இன்டர்ன்ஷிப். கோலாலம்பூரில் பெரிய ஃபர்ம் கிடைத்தால் மறுக்கச் சொல்லவில்லை. அங்கே ஆராய்ச்சிக் குறிப்பு எப்படி எழுதுகிறார்கள், பெரிய ஒப்பந்தத்தை எத்தனை பேர் எத்தனை முறை பார்க்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் அங்கே உனக்கு ஒரு பெரிய விவகாரத்தின் ஒரு துண்டுதான் கைக்கு வரும். இரண்டு விடுமுறை இருக்கிறது அல்லவா, முதலாவதை ஈப்போவிலோ தைப்பிங்கிலோ மூன்று நான்கு வக்கீல்கள் இருக்கும் ஆபீஸில் செய். காலையில் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து அழுவதையும், மத்தியானம் அதே விவகாரம் கடிதமாவதையும், அடுத்த வாரம் கோர்ட்டில் பதிவாவதையும் அங்கேதான் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்கு முன்பே அனுப்பு. மின்னஞ்சல் தலைப்பிலேயே உன் பெயர், பல்கலைக்கழகம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று மூன்றும் இருக்கட்டும். தேதி இல்லாத விண்ணப்பத்தை ஆபீஸில் ஓரமாக வைத்துவிடுவார்கள். எந்த வாரத்தில் மேசை காலி என்று பார்த்துத்தான் அவர்கள் பதில் சொல்ல முடியும். ஒரு பக்கத்தில் தன்விவரம், மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகக் கடிதம், நீயே எழுதிய இரண்டு பக்கச் சட்டக் குறிப்பு ஒன்று, எல்லாம் பிடிஎஃப்பில், ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் உன் பெயர். ஒரு ஃபர்முக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அனுப்பும்போது பழைய ஃபர்மின் பெயர் உள்ளே தங்கிவிடும். இது நடக்காத வருடமே கிடையாது. அனுப்பும் முன் வாய்விட்டுப் படி. பத்து நாளில் பதில் இல்லையென்றால் போன் செய்து, மரியாதையாக ஒரு முறை கேள்.

தன்விவரத்தில் கோர்ஸ் பெயர்களை வரிசையாக அடுக்காதே. "பணிநீக்க விவகாரங்களில் நடந்ததைத் தொகுத்து மூன்று குறிப்புகள் தயாரித்தேன்" என்ற ஒரு வரிக்கு உள்ள எடை பத்து சான்றிதழ்களுக்குக் கிடையாது. நேர்காணலில் அந்த வரியைப் பிடித்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

முதல் நாளே கேள்: "ஏதாவது ஒரு ஃபைலை ஆரம்பத்திலிருந்து படிக்க அனுமதிப்பீர்களா?" பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஃபைலை எடுத்ததும் ஒரு தாளில் தேதிகளை மட்டும் எழுது. சம்பவம் என்றைக்கு, நோட்டீஸ் என்றைக்கு, கெடு என்றைக்கு. தோட்டத்தில் வேலை செய்தவரை நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள். 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையீடு செய்ய வேண்டும். நம்ம ஜனங்கள் செய்வது என்ன? மேனேஜருக்குக் கருணைக் கடிதம் எழுதிவிட்டு, தலைவரைப் பார்த்துவிட்டு, பதில் வரும் வரும் என்று இருப்பார்கள். அறுபதாவது நாள் தாண்டிவிடும், பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு அடைபட்டதுதான். ஆகவே கட்சிக்காரர் உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது "ஏன் நிறுத்தினார்கள்?" என்பதல்ல, "கடிதத்தில் என்ன தேதி?" என்பது. சிவில் வழக்கிலும் இதே கவனம் வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 6 ஆண்டு, சம்மன் ரிட் (வழக்கைத் தொடங்கும் அழைப்பாணை) கைக்குக் கிடைத்தால் ஆஜராவதாகத் தெரிவிக்க 14 நாள். இவை மனப்பாடமாக இருக்கட்டும்.

அடுத்து அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீ தமிழ் தெரிந்த பிள்ளை, ஆபீஸில் இந்த வேலை உன் மேசைக்குத்தான் வரும். படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் அஃபிடவிட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். அது மலாயில் இருக்கிறது. அவருக்குத் தமிழில் வாசித்துச் சொல்லி, புரிந்ததா என்று கேட்டு, பிறகு கைநாட்டு வாங்க வேண்டும். இது சத்தியப் பிரமாண ஆணையரின் முன்னிலையில் நடக்க வேண்டும். வாசித்துக் காட்டப்பட்டது, அவர் புரிந்துகொண்டதாகத் தெரிந்தது, தன் முன்னிலையில் கைநாட்டு வைத்தார் என்று அடியில் ஆணையர் சான்று எழுத வேண்டும். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 41ஆவது ஆணை இதைத்தான் சொல்கிறது. தவறு நடப்பது இந்த அடிவாசகத்தில்தான். படித்தவருக்கான வழக்கமான வாசகத்தையே கணினியில் நகலெடுத்துப் போட்டுவிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தால் அந்த அஃபிடவிட்டையே ஏற்கக் கூடாது என்பார். நீ தயாரிக்கும்போது முதலில் கேள்: "பாட்டி, நீங்களே படிப்பீங்களா, நான் படிச்சுச் சொல்லட்டுமா?" அந்தப் பதிலை வைத்து அடிவாசகத்தைத் தேர்ந்தெடு. வாசிக்கும்போது உன் வார்த்தையில் சுருக்காதே, பத்தி பத்தியாகப் போ. நடுவில் "அது அப்படி இல்லம்மா, அவரு ராத்திரிதான் வந்தாரு" என்று பாட்டி சொன்னால் கைநாட்டு வாங்காமல் நிறுத்தி, வக்கீலிடம் போய்ச் சொல்லித் திருத்து. நேரமாகிறது என்று விட்டுவிட்டால், பொய்ச் சத்தியத்தின் பாரம் அந்தப் பாட்டி தலையில் விழும்.

நிலத் தேடல் தாளையும், அதாவது நிலத்தின் உரிமை விவரம் காட்டும் தாளையும், படிக்கக் கற்றுக்கொள். கிரான், ஜிஎம் என்றிருந்தால் அளவை முடிந்த இறுதிப் பட்டா. எச்எஸ்டி, எச்எஸ்எம் என்றிருந்தால் தற்காலிகப் பட்டா, எல்லை இன்னும் இறுதியாகவில்லை. குத்தகை நிலமானால் முடியும் தேதியைப் பார். அதன் பிறகு சார்ஜ் (அடமானம்), கேவியட் (கைமாற்றத் தடை) பதிவுகள். கட்டுப்பாடு என்ற இடத்தில் மாநில அரசின் சம்மதம் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்றிருந்தால், சம்மதம் வரும் வரை நிலத்தைப் பெயர் மாற்றும் 14ஏ படிவம் எதற்கும் உதவாது. வாங்குபவர் முன்பணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் சண்டைதான் மிச்சம்.

தீர்ப்பு தேடும்போது ஒரு பழக்கம் வேண்டும்: கிடைத்த தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. போலிக் கையெழுத்தால் கைமாறிய நிலத்தை நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உடனே அசைக்க முடியாத உரிமை உண்டு என்று அடோர்னா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. தான் யிங் ஹோங் என்பவரின் வழக்கில் 2010இல் அதே நீதிமன்றம் அதைத் தவறென்று ஒதுக்கியது. முதலாவதை மட்டும் படித்துவிட்டுக் குறிப்பு எழுதும் மாணவரின் வேலையை அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள். ஏஐ தரும் வழக்குப் பெயர்களையும் அப்படியே போடாதே. மூலத் தீர்ப்பைத் திறந்து, அந்த வரி உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுது.

மலாயில் வரைந்து பழகு. நம் கோர்ட்டில் ஆவணம் மலாயில் இருக்க வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பை வேண்டுமானால் உடன் வைக்கலாம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே யோசிக்கும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உனக்கு எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் நல்ல மலாய் இருந்தது, அதைத் துருப்பிடிக்க விடாதே. இதற்குக் கோர்ஸ் தேவையில்லை, ஆபீஸ் ஃபைலில் இருக்கும் பழைய கோரிக்கை மனுக்களைக் கையால் எழுதிப் பார்த்தாலே போதும்.

ஃபைலில் இருப்பது ஃபைலிலேயே இருக்கட்டும். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு வக்கீலுக்கு விதிக்கும் இரகசியக் கடமை, 127ஆவது பிரிவின் வழியாக அவருடைய கிளார்க்குக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு. நம்ம ஊர் சின்ன ஊர், ஒரு பெயரைச் சொன்னால் மூன்று தெருவுக்குத் தெரியும். கோயிலில் அத்தை கேட்டாலும், "ஆபீஸ் விஷயம் அத்தே" என்று முடித்துவிடு. மேசைப் படத்தை ஸ்டேட்டஸில் போடாதே, பின்னால் ஃபைல் தலைப்பு தெரியும்.

பணம் பற்றியும் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேள்: உதவித்தொகை உண்டா, கோர்ட்டுக்குப் போகும் பயணச் செலவு யார் பொறுப்பு. மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள். கோலாலம்பூரில் அறை வாடகைக்கு அது போதாவிட்டால் சொல், அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். ஆபீஸ் நேரம் முடிந்து தனியாகச் சந்திக்க வரச் சொல்பவர் எவ்வளவு பெரிய வக்கீலாக இருந்தாலும் போக வேண்டாம், அன்றே எனக்குச் சொல். ஒரு இடத்தை விட்டு வந்தால் வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகாது கண்ணு.

இந்த வாரம் ஈப்போ ஆபீஸுக்கான மின்னஞ்சலை எழுதி, அனுப்பாமல் எனக்குப் போடு. சட்டக் குறிப்புக்கு, போன பருவத்தில் நீ எழுதிய கேவியட் கட்டுரையை இரண்டு பக்கமாகச் சுருக்கு. முன்னுரையை முழுக்க வெட்டிவிட்டு, கேள்வி, விடை, அதற்கான பிரிவு என்று நேராக ஆரம்பி. பல்கலைக்கழகக் கடிதத்துக்குத் திங்கட்கிழமையே விண்ணப்பம் கொடுத்துவிடு, அதுதான் எப்போதும் தாமதமாகும்.

அன்புடன்,
அம்மா