சிவப்பு மை

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் படிக்கக் கூடாது என்றதால் உன் கடிதத்தை மகள்தான் வாசித்துக் காட்டினாள். பழைய வீட்டை விற்றுவிட்டேன் என்ற இடத்தில் அவள் குரலே இறங்கிவிட்டது.

கண்ணை மூடிப் படுத்திருந்த நாட்களில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘தீந்தா ரோஹா’. சிவப்பு மை என்று அர்த்தம். 1941-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரஸில் பிறந்த டாங்கோ, ஜோடியாக ஆடும் நடனப் பாட்டு. மெட்டு செபாஸ்தியான் பியானா, வரிகள் காத்துலோ காஸ்தியோ. எழுதும்போது அவருக்கு 35 வயதுதான் இருக்கும், சேகர்! அதற்குள் அவ்வளவு ஏக்கம்.

பால்யத்தின் பேட்டையை நினைத்ததும் அவருக்கு முதலில் வருவது ஒரு செங்கல் மதில். சாம்பல் பூத்த பழைய நாட்களின் மேல் சிவப்பு மை சிந்தியதுபோல் அது நிற்கிறது. அப்புறம் சிவப்புத் தபால்பெட்டி, ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர், ஒரு மலிவான சாப்பாட்டுக்கடை. அந்தக் கடையில் ஓர் இத்தாலியன், தூரத்தில் இருக்கும் பொன்னிற முடிக்காரியை நினைத்து ஒயினும் கண்ணீருமாக உட்கார்ந்திருக்கிறான். அந்தக் காலத்தில் இத்தாலியர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய நகரம் அது. அவனாவது கடல் தாண்டி வந்ததால் இழந்தான். பாடுகிறவனுக்கோ சொந்தத் தெருவே கைவிட்டுப் போயிருக்கிறது.

பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது: என் பிள்ளைப்பருவத்தை யார் திருடியது? தொலைந்துவிட்டது என்று பாடியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. திருட்டு என்றால் எவனோ எடுத்துப்போய் எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறான் என்றுதானே மனசு நம்பும்? அடுத்து நிலாவைக் கேட்கிறார், இப்போது எந்த மூலையில் உன் வெளிச்சத்தைக் கொட்டுகிறாய் என்று.

கோஷெனேச்சே என்ற பாடகர் இதைப் பாதி பேச்சாகப் பாடியிருக்கிறார், அதுவும் அருமை. ஆனால் நீ முதலில் அனிபால் த்ரோய்லோ குழுவோடு ஃபியோரெந்தீனோ பாடிய 1941 பதிவைக் கேள். ஜோடிகள் ஆடுவதற்காக வாசித்தது, அதனால் தாளம் யாருக்காகவும் நிற்காது. பாந்தோனியோன், அந்தத் துருத்தி வைத்த வாத்தியம், மூச்சு வாங்கிக்கொண்டே முன்னால் போகும், குரல் அதன் பின்னாலேயே வரும்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டுத் திண்ணைத் தூண்கள் பச்சைதானே? கீழே, நாம் சாய்ந்து சாய்ந்து உட்காருமிடத்தில் மட்டும் பெயின்ட் போய் மரம் வழவழவென்று இருக்கும். மகளிடம் பச்சை என்று சொல்லிவிட்டேன். உடனே எழுது.

அன்புடன்,
ராஜு