பிணை நின்ற மாமன் சட்டத்தரணிகளுக்கு எழுதும் மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட நீதவான் நீதிமன்றங்களில் வழக்குப் பேசும் சட்டத்தரணிகளுக்கு,

வணக்கம். நீதவானுக்கே எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவமதிப்பு வழக்கு என்று ஒன்று இருக்கிறதே என்று மனைவி நினைவூட்டினாள். யோசித்துப் பார்த்தால் நான் சொல்ல வந்ததும் உங்கள் பொறுப்பில் உள்ள விடயம்தான்.

நான் ஓய்வுபெற்ற தபாலதிபர். என் தங்கையின் மகன் ஒரு சிறுபோகத்தில் தண்ணீர் முறை பற்றிய வாய்த்தர்க்கத்தில், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையை மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டான். தோளில் கண்டல் காயம். பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், முன்குற்றம் எதுவும் இல்லை, வயது இருபத்திரண்டு. நீதவான் இரக்கம் காட்டினார். இரண்டு வருட நன்னடத்தைப் பிணை. நானும் அவனுடைய பெரியப்பாவும் பிணையாளிகளாகக் கையொப்பமிட்டோம். எத்தனையோ பேருக்குப் படிவம் வாசித்துக் காட்டிய நான், அன்று பிணை நிபந்தனைகள் எழுதிய பத்திரமான அந்தப் பிணைமுறியை வாசிக்காமலே கையொப்பமிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வெளியே வந்ததும் எங்கள் சட்டத்தரணி, "தம்பி, தப்பிவிட்டீர். இனிக் கவலையில்லை" என்றார். அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டார்கள், உள்ளே ஓடிவிட்டார். மருமகன் தாய்க்குத் தொலைபேசியில் சொன்னது: "அம்மா, வழக்கு முடிந்துவிட்டது."

வழக்கு முடியவில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது பதினேழாம் மாதம். ஒரு சாமத்தியக் கல்யாண வீட்டில் கசிப்பு என்னும் கள்ளச் சாராயப் போத்தல் சுற்றி வந்திருக்கிறது. பழைய பகை ஒன்றைக் கிளறினான் ஒருவன், இவன் தள்ளிவிட்டான், அவனுக்கு உதடு வெடித்தது. பொலிஸ் வந்தது. பழைய கோவையும் கூடவே வந்தது. பெரும்போக வேளாண்மை வெட்டும் காலத்தில் பையன் விளக்கமறியலில் இருந்தான். வெட்டு மெசினுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான்.

பிறகுதான் சட்டப் புத்தகத்தைத் தேடி வாசித்தேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிரிவு 306. குற்றச்சாட்டு எண்பிக்கப்பட்டாலும், ஆளின் வயதையும் நடத்தையையும் குற்றத்தின் அற்பத்தன்மையையும் பார்த்து, நீதவான் தீர்ப்பளிக்காமலே நிபந்தனையோடு விடுவிக்கலாம். காலம் மூன்று வருடத்துக்கு மேற்படக் கூடாது. ஆனால் அந்தப் பிணைமுறியின் உயிர் ஒரே வரியில் இருக்கிறது: கூப்பிட்டால் வந்து, தீர்ப்பையும் தண்டனையையும் ஏற்க வேண்டும். அதாவது மண்வெட்டிப் பிடிக்கான தண்டனை அப்படியே காத்திருக்கிறது. உதடு வெடித்ததற்கு வருவது வேறு கணக்கு.

இன்னொன்று, இதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஒத்திவைத்த சிறைத்தண்டனையைப் பற்றிய பிரிவு 303ஐ வாசியுங்கள். நிபந்தனை விடுதலையில் இருக்கும்போது செய்த குற்றத்துக்குச் சிறைத்தண்டனை விதித்தால், அதை ஒத்திவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. வேறொருவன் அதே தள்ளைத் தள்ளியிருந்தால் ஒத்திவைத்த தண்டனையோடு வீட்டுக்குப் போகலாம். என் மருமகனுக்கு அந்தக் கதவு அடைபட்டிருந்தது. அடைபட்டது அவனுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் கசிப்பைத் தொட்டிருக்க மாட்டான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கல்யாண வீட்டிலிருந்து அவனை நான் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

மீறிய வழக்கு எடுக்கப்பட்ட அன்று எங்கள் பக்கம் பேசப்பட்டது என்ன? "வறிய குடும்பம், மன்னிக்கவும்." இவ்வளவுதான். பதினேழு மாதம் ஒரு சச்சரவும் இல்லாமல் இருந்தான் என்று யாரும் சொல்லவில்லை. வட்டவிதானையிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அதே வட்டையில், அதாவது அதே வயல்வெளியில், அவரோடு ஒன்றாக வேலை செய்கிறான் என்றும் சொல்லவில்லை. வட்டவிதானை வந்து சாட்சி சொல்லவும் தயாராக இருந்தார், யாரும் கேட்கவில்லை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சிறைக்குப் பதிலாக, ஊருக்குள்ளேயே மேற்பார்வையில் இருந்து தண்டனையைக் கழிக்கும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை கேட்கலாமே என்ற பேச்சும் எழவில்லை. நீதவான் தமக்கு முன் வைத்ததைத்தானே எடைபோடுவார்? கடைசியில் இரண்டு வழக்குக்கும் தண்டப்பணத்தோடு விட்டார். பிணைமுறிக் காசில் என் பங்கை நான் கட்டினேன். அது பெரிய காசில்லை.

மீறியவனை எல்லாம் மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்பதாக நினைக்க வேண்டாம். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கம், பாதுகாப்புக் கட்டளையை மீறுபவனுக்கு ஒரு வருடம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ வைத்திருக்கிறது. வரக் கூடாது என்று கட்டளையிட்ட பிறகும் மனைவியின் வாசலில் வந்து நிற்பவன் தவறிப்போய் வந்தவனல்ல. அவனுக்காக எழுந்து "முதல் தடவைதானே, ஐயா" என்று சொல்பவரை நான் மதிக்க மாட்டேன். இரண்டு மீறலையும் ஒரே வாய்ப்பாட்டில் பேசுவதுதான் என் குறை.

கேட்பது சின்னக் காரியம். கட்டளை கிடைத்த அன்றே, வாசலில் வைத்தாவது, அரைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: பிணை எந்தத் திகதியில் முடிகிறது, அதுவரை எது செய்தால் மீறலாகும், மீறினால் பழைய வழக்கு எப்படி உயிர்பெறும், இடர் வந்தால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும். பிணையாளிக்கும் ஒரு பிரதி. அம்பாறை நகரில் வழக்கு சிங்களத்தில் நடந்தால் இது இன்னும் அவசியம். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்குமுன் ஆள் கூண்டை விட்டு இறங்கிவிடுகிறான். இதற்கு ஐந்து நிமிடம் போகும். கட்டணத்தில் அதைச் சேர்த்துக்கொண்டாலும் நான் முணுமுணுக்க மாட்டேன்.

போன மாதம் எங்கள் ஊரில் இன்னொரு பையனுக்கு இதே பிணை கிடைத்தது. அவன் தாய் என்னிடம் வந்தாள். பிணைமுறியை வாங்கி மூன்று தடவை வாசித்துவிட்டு, முடியும் திகதியைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாளாம்.

இப்படிக்கு,
பிணை நின்ற ஒரு மாமன்,
போரதீவுப்பற்று.