சரவணனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

இங்கு நானும் அம்மாவும் கவிதாவும் நலம். போன் போட்டால் 'மீட்டிங்ல இருக்கேம்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்' என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதம் என்றால் உனக்குத் தோதான நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

ஆடிப்பெருக்குக்குள் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும் என்று பிரஸ்ஸில் இரவு ஷிப்டும் ஓடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். பெரியப்பா வீட்டு விஷயம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதை விடு.

கவிதாவுக்கு இன்ஜினியரிங் ரேங்க் வந்துவிட்டது. எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று லிஸ்ட் எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். உன் நான்கு வருஷத்துக்கு நான் போட்டு வைத்த நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கல்லூரி சொன்ன கட்டணம் அதில் ஒரு வரிதான். அதற்குக் கீழே மெஸ் அட்வான்ஸ், தேர்வுக் கட்டணம், வொர்க்ஷாப் ஷூ, ரெக்கார்டு நோட்டு, மூன்றாம் வருஷத்திலிருந்து பிளேஸ்மென்ட் டிரெயினிங் என்று தனியாக ஒரு தொகை. எல்லாவற்றையும் கூட்டினால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. கட்டணத்தைப் பார்க்காதே, நம் கையை விட்டு மொத்தம் என்ன போகிறது என்று பார் என்று அவளிடம் சொன்னேன்.

முதல் பட்டதாரிச் சலுகை உன் பெயரில் வாங்கியாகிவிட்டது. வீட்டில் ஒருவருக்குத்தான். அவள் படித்தது உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. தமிழ் மீடியம் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அது பஸ்ஸுக்கு ஆகும். மீதிக்கு லோன்தான். இந்தத் தடவை கோர்ஸுக்கு என்பிஏ, இல்லையென்றால் கல்லூரிக்கு நாக் என்கிற தர அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். உனக்கு அது இல்லாமல்தானே படிக்கிற காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் கிடைக்காமல் போனது. வருமானச் சான்றிதழெல்லாம் 4.5 லட்சத்துக்குள் சரியாகத்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு லட்சமாக வாங்கிய 4 லட்சம், தவணை ஆரம்பிக்கும்போது வட்டியோடு 5.40 லட்சமாக நின்றது உனக்கு நினைவிருக்கும்.

லோனுக்காக அவளைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் என் ஆதார் நம்பரையும் பான் நம்பரையும் வாங்கி கம்ப்யூட்டரில் தட்டினார். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவிதாவிடம், 'நீ வெளியே உட்காரும்மா' என்றார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மெசேஜ் உனக்கு வருவது போல எனக்கும் வருகிறது தம்பி. உன் லோனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

பேங்குக்கு ஒரு போன் போடு. அவ்வளவுதான் நான் கேட்பது.

நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீ. உன் கான்வொகேஷன் போட்டோ பிரஸ்ஸில் என் மேஜை கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது. புதிதாக வருகிற பையன்கள் யாரென்று கேட்டால் முதலாளியே சொல்கிறார். போன வருஷம் புது பைக் எடுக்கிறேன் என்றபோது, லோன் கொஞ்சம் குறையட்டுமே என்றேன். 'உங்களுக்கு ஒன்னும் தெரியாதுப்பா' என்றாய். சரி, தெரியாதுதான். ஒரு வருஷம் தவறாமல் மாதம் 7,140 கட்டியவனும் நீதான். அதை நான் மறுக்கவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு வந்த மாரியப்பன் மகன், சென்னையில் நிறைய கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

மேனேஜரிடம் மட்டும், தெரிந்த பையன் ஒருவனுக்காகக் கேட்பது போலக் கேட்டேன். வேலை போய்விட்டால் என்ன செய்வான் சார் என்றேன். இந்த லோனில் அதற்கு வழி இருக்கிறதாம். ஒரேயடியாகக் கட்டாமல் விடக் கூடாதாம். வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் வரை தவணையைத் தள்ளி வைக்கலாமாம். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும், ஆனால் பெயர் கெடாது. பாக்கி 90 நாளைத் தாண்டிவிட்டால்தான் வாராக்கடனில் போய்விடும், அப்புறம் தன் கையிலும் இல்லை என்றார். தவணைக் காலத்தைக் கூட்டவும் கேட்கலாம் என்றார். அதைப் பற்றி மட்டும் யோசித்துச் செய். இரவு ஷிப்டில் வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5.40 லட்சத்தை 10 வருஷத்தில் கட்டினால் மொத்தம் 8.56 லட்சம் ஆகிறது. 15 வருஷம் என்றால் மாதத் தவணை 5,800தான், ஆனால் மொத்தம் 10.44 லட்சம். மாதா மாதம் லேசாகத் தெரியும், கடைசியில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கூடப் போகும்.

அந்தப் பையன் எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரு பக்கம்தான். ஊருக்கு வரக்கூட வேண்டாம், மெயிலில் அனுப்பினால் போதும் என்றார். பேங்குக்கு ஒரு போன் போட்டுவிட்டு அனுப்பு.

சீட்டைத் தள்ளி எடுத்து மே மாதத்துத் தவணையைக் கட்டிவிட்டேன். ரசீது கவிதாவின் ஃபைலுக்குள் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. ஜூன் மாதத்துக்கு என்னிடம் இல்லை, அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ரூம் வாடகை எப்படிக் கட்டுகிறாய்? மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா? ஆறு மாதம் இங்கே வந்து இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் என்றால் இப்போதெல்லாம் எல்லோரும் நம்புகிறார்கள்.

கவிதாவிடம் பேசு. இசிஇ நல்லதா ஐடி நல்லதா என்று கேட்கிறாள், எனக்கு என்ன தெரியும்? அவள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு கல்லூரியிலும் உன் கூடப் படித்தவர்களின் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால், ஹாஸ்டலுக்கு உண்மையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டுச் சொல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள் அவள் கல்லூரி லிஸ்டைப் பதிந்தாக வேண்டும். மேனேஜர் மதியம் 3 மணிக்கு மேல்தான் போன் எடுக்கிறார். நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், நீ அதைப் பார்த்துவிட்டாய் என்று நீல டிக் காட்டுகிறது.

அன்புடன்,
அப்பா