கோரிக்கை மனு: பள்ளியின் பின்வாசலைத் திறந்து எங்கள் தெருவுக்கு வழி ஏற்படுத்தித் தரக் கோருதல்

அனுப்புநர்:
வடக்கு வாய்க்கால் தெருவாசிகள் சார்பில்,
அத்தெருவில் குடியிருக்கும் குடும்பத் தலைவி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் தெரு முழுவதும் அடைபடுவது – நோயாளிகளும் ஆம்புலன்சும் போக வழியில்லாதது – பூட்டிக் கிடக்கும் பின்வாசலைத் திறக்க உத்தரவிடக் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு ஜூன் மாதம் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் கொடுத்த மனு. 2. செப்டம்பரில் தபாலில் அனுப்பிய நினைவூட்டல். 3. இந்த ஆண்டு ஜனவரியில் மீண்டும் நேரில் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தாங்கள் அறியாத இடமல்ல. 2024 மக்களவைத் தேர்தல் அன்று, ஏப்ரல் 19ஆம் தேதி, எங்கள் பள்ளிக்கூட வாக்குச்சாவடியைப் பார்வையிடத் தாங்கள் வந்தீர்கள். வாய்க்கால் பாலத்தில் இறங்கி, பிள்ளையார் கோயில் திருப்பத்தில் திரும்பி, தங்கள் கார் நேராகப் பள்ளி வாசலிலேயே வந்து நின்றது. அன்று பள்ளி விடுமுறை. பள்ளி நடக்கும் ஒரு நாளில், காலை எட்டரை மணிக்கு அதே கார் அந்தத் திருப்பத்தைத் தாண்டியிருக்காது.

1. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பள்ளிக்கு எதிரான மனு அல்ல. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது என்றுதான் 2006இல் நகையை விற்று இந்த வீட்டை வாங்கினோம். என் இரண்டு பிள்ளைகளும் முதல் மணி அடித்த பிறகு செருப்பை மாட்டி, இரண்டாம் மணிக்குள் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். மதியம் ஓடிவந்து சுடுசோறு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வேன் கட்டணம் என்று ஒரு ரூபாய் நாங்கள் கொடுத்ததில்லை. என் மாமியார் வெயில் காலத்தில் திண்ணையில் மண்பானைத் தண்ணீர் வைப்பார். காலையில் ஒலிபெருக்கியில் தமிழ்த்தாய் வாழ்த்து கேட்டால், கையில் என்ன வேலை இருந்தாலும் எழுந்து நிற்பார். பெண்பிள்ளைகள் தனியாக நடந்துவரப் பயமில்லாத தெரு இது. இதெல்லாம் பள்ளியால் எங்களுக்குக் கிடைத்தது, மறுக்கவில்லை.

2. அப்புறம் என்ன குறை என்றால், தெருவின் அகலம் 14 அடி. நாங்கள் வந்த காலத்தில் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். இன்று வேன், ஷேர் ஆட்டோ, கார், இரண்டு பக்கமும் பைக். காலை 8.10 முதல் 9.10 வரையிலும், மாலை 4 மணி முதல் 5 மணி வரையிலும் தெருவில் ஆள் நடக்கவும் இடமில்லை.

3. ஹாரன் சத்தம். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இதையும் பொறுத்துக்கொள்கிறோம்.

4. பொறுக்க முடியாதது இதுதான், ஐயா. இதைத் தாங்கள் முழுதாகப் படிக்க வேண்டும்.

என் மாமியாருக்கு வயது 67. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை 9 மணிக்கு முறை. ஒருமுறைக்கு நான்கு மணி நேரம். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டு வாசலுக்கு ஆட்டோ வர முடியாது. வாசலில் இருந்து பிள்ளையார் கோயில் வரை 180 அடி. அவரால் நடக்க முடியாது. நீலநிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, நான் ஒரு பக்கமும் என் மகன் ஒரு பக்கமும் பிடித்து, வேன்களுக்கு நடுவே தூக்கிக்கொண்டு போகிறோம். அவன் அதற்காகவே வாரம் மூன்று நாள் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போகிறான். சம்பளம் பிடிக்கிறார்கள்.

நாற்காலி போகும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லாத இடத்தில் அப்படியே சாலையில் இறக்கி வைத்துவிட்டு நிற்போம். வேன்களின் புகை நேரே அவர் முகத்தில் அடிக்கும். முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார். குழந்தைகள் "பாட்டி, பாட்டி" என்று சொல்லி ஒதுங்கி வழி விடுகிறார்கள். வேன்காரர்களும் கெட்டவர்கள் இல்லை. முன்னும் பின்னும் வண்டி நிற்கும்போது அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள்?

சென்ற நவம்பரில் இப்படிப் போகும்போது ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி அவருடைய இடது கையில் இடித்துவிட்டது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கும் கை அது. அந்தக் கையில் ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது, கனமான பை தூக்கக் கூடாது. முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்து வீங்கிவிட்டது. வீக்கம் வடிய இரண்டு வாரம். அதுவரை கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் செய்தார்கள். அந்தக் கையை இப்போது புடவைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருகிறார்.

தாமதமாகப் போனால் என்ன என்று கேட்கலாம். அதே இயந்திரத்துக்கு அடுத்து இன்னொரு நோயாளி காத்திருக்கிறார். நாற்பது நிமிடம் தாமதித்தால் அந்த நாற்பது நிமிடம் போனதுதான். மருத்துவமனை ஊழியர்களைக் குறைசொல்ல மாட்டேன், முடிந்தவரை பார்க்கிறார்கள். இரண்டு கிலோ நீர் எடுக்க வேண்டிய நாளில் ஒன்றரை கிலோதான் எடுக்க முடிந்தது. அன்று இரவு படுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைக்கிறார்.

சீக்கிரம் கிளம்பலாமே என்றும் கேட்டார்கள். கிளம்பிப் பார்த்தோம். சிறப்பு வகுப்புக்காக ஏழேகாலுக்கே வண்டிகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஆறரைக்குப் புறப்பட்ட ஒருநாள், ஒன்பது மணிவரை பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார். மதிய முறைக்கு மாற்றக் கேட்டோம். இடமில்லை. கிடைத்தாலும் திரும்பி வரும் நேரம் பள்ளி விடும் நேரம்.

5. ஆம்புலன்ஸ். பிப்ரவரியில் கடைசி வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி. 108 வண்டி வந்துவிட்டது, ஆனால் கோயில் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். சரி, யாருக்கு அபராதம் போடுவது? வழிவிட மனம் உள்ளவருக்கும் இங்கே வழியில்லை.

6. பள்ளிக் குழந்தைகளுக்கும் இது ஆபத்துதான். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்தோம். இங்கே எட்டரை மணிக்கு ஒரு தீப்பொறி பறந்தால் தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும்? இதைத் தனியாக ஒரு பத்தியில் ஜூன் மனுவிலேயே எழுதியிருந்தேன். யாராவது படித்தார்களா?

7. நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. பள்ளிக்குக் கிழக்கே, 40 அடிச் சாலையில், இன்னொரு வாசல் இருக்கிறது. பல வருடம் வண்டிகள் அந்த வழியாகத்தான் வந்துபோயின. பாதாளச் சாக்கடைக்காக அந்தச் சாலையைத் தோண்டியபோது அந்தக் கேட்டைப் பூட்டினார்கள். வேலை முடிந்து, தார் போட்டு, இரண்டு வருடம் ஆகிவிட்டது. பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது, துருப்பிடித்து.

பள்ளியில் கேட்டால், நகராட்சியிலிருந்து கடிதம் வந்தால் திறக்கிறோம் என்கிறார்கள். நகராட்சியில் கேட்டால், பள்ளி நிர்வாகம் எழுதிக் கேட்கட்டும் என்கிறார்கள். காவல் நிலையத்தில் கேட்டால், கேட்டைத் திறக்கட்டும், நாங்கள் ஆள் போடுகிறோம் என்கிறார்கள். மூன்று இடத்துக்கும் நான் எத்தனை தடவை நடப்பது? திங்கள், புதன், வெள்ளி மருத்துவமனையில் இருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் தங்கள் துறை அலுவலகங்களின் வாசலில் நிற்கிறேன்.

ஜூன் மனுவுக்கு வந்த பதில் ஒரு குறுஞ்செய்தி: "தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது." என்ன நடவடிக்கை, ஐயா? யார் வந்து பார்த்தார்கள்? அந்தச் செய்தி வந்த புதன்கிழமை காலையிலும் நாங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுதான் போனோம். செப்டம்பர் கடிதத்துக்குப் பதிலே இல்லை. ஜனவரியில் மனு கொடுத்தபோது வரிசையில் இருந்த ஓர் அலுவலர், "பள்ளி பக்கத்தில் வேண்டாம் என்றால் வேறு வீடு பாருங்களேன்" என்றார். இருபது வருடம் வாழ்ந்த வீடு. அந்தத் திண்ணையில்தான் என் மாமியார் பானை வைத்தார். இந்த வயதில், இந்த உடம்போடு, அவரை எங்கே கொண்டுபோவேன்?

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். முந்தைய மூன்று மனுவையும் பணிவாகத்தான் எழுதினேன்.

8. ஆகவே, ஐயா, அந்தக் கிழக்கு கேட்டைத் திறக்க உத்தரவிடுங்கள். வேன்களும் கார்களும் அந்த வழியாக வரட்டும். எங்கள் தெரு வழியாகப் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் தாராளமாக வரட்டும். கேட்டைத் திறக்கும்வரை, காலை ஒரு மணி நேரம் கோயில் திருப்பத்தில் ஒரு போலீஸ்காரரையாவது நிறுத்துங்கள். மீண்டும் கேட்கிறேன், அந்த ஒரு கேட்டைத் திறக்க உத்தரவிடுங்கள்.

இந்த மனுவையும் "அறிக்கை பெறுக" என்று கீழே அனுப்பிவிட வேண்டாம். ஒரு திங்கள்கிழமை, குறைதீர்க்கும் கூட்டத்துக்கு முன்னால், 8.20க்குத் தாங்களே பிள்ளையார் கோயில் திருப்பத்துக்கு வாருங்கள். நாங்கள் அந்த நேரத்தில்தான் வாசலை விட்டு இறங்குவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடக்கு வாய்க்கால் தெருவாசிகள் சார்பில்.

இணைப்பு: 1. முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள். 2. 41 குடும்பத்தினரின் கையொப்பங்கள். 3. கை வீங்கிய நாளின் மருத்துவச் சீட்டு நகல். 4. பூட்டிய கேட்டின் புகைப்படம்.